சைலன்சரை அறுத்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் பேரன் வீட்டுக்கு வந்தான். வயது 26. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாலு வருஷம் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. அதில் ஏற வேண்டியதில்லை, இறங்க வேண்டும். அவ்வளவு தாழ்வு. ஒரு ரவுண்டு போய் வந்த பிறகு என்னை வெளியே எடுக்க அவன் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"எப்படி இருக்கு தாத்தா?"

"ராஜா மாதிரி இருக்குடா."

"எல்லாம் சரி. சத்தம்தான் பத்தல."

போனில் ஒரு எஸ்டிமேட்டைக் காட்டினான். பின்னால் இருக்கிற மஃப்ளரை மாற்ற வேண்டும். டர்போவுக்கு அடுத்த குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட வேண்டும். கடைசியில் இன்ஜின் கம்ப்யூட்டரில் ஒரு மாற்றம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கொஞ்சம் பெட்ரோல் குழாய்க்குள் போய் வெடித்து, சரவெடி மாதிரி பட் பட் என்று சத்தம் வருமாம். மொத்தம் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நான் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவன் சிரித்தான். "பாட்டி எல்லாம் சொல்லிட்டாங்க தாத்தா. நீங்களும் அந்தக் காலத்துல காரோட சைலன்சரை அறுத்தீங்களாமே?"

அக்காவுக்கு எதுவும் மறக்காது.

ஆமாம், அறுத்தோம். 1979-ல். அப்போது எங்கள் வீடு பெரம்பூரில். நானும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய பியட் 1100 வாங்கியிருந்தோம். கூட்டு வண்டி. ஞாயிறு ஒருவருக்கு என்று முறை. 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். அமைதியான, மரியாதையான குடும்ப வண்டி.

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் சோழவரம் எங்களைக் கெடுத்தது. உங்களில் சிலர் போயிருப்பீர்கள். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். அங்கேதான் அப்போது கார் ரேஸ், பைக் ரேஸ் எல்லாம். வெயிலில் பஸ் பிடித்துப் போய், கூட்டத்தில் முண்டியடித்து நிற்போம். கார் கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தம் வந்துவிடும். முதலில் தூரத்தில் ஒரு முனகல், அப்புறம் உறுமல், பக்கத்தில் வரும்போது நெஞ்சுக்குள்ளேயே அடிக்கும். தெருவில் பார்க்கிற அதே பியட், அதே ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான். அங்கே வேறு ஜாதி மிருகம் மாதிரி கத்தும். திரும்பி வரும்போது மூன்று நாளைக்குக் காதில் அதே சத்தம். அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வண்டியையும் அப்படிக் கத்த வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. புதுப்பேட்டையில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். ரேஸ் வண்டிகளுக்கும் வேலை செய்தவர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எந்த டாப்பெட் லூஸ், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பது போலத்தான்.

விஷயத்தைச் சொன்னோம். பாய் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"தம்பி, சத்தம் வரணும்னு யாரும் ரேஸ் வண்டி கட்டுறதில்ல. ஹெட்டைச் சீவுவான், கேம் ஷாஃப்ட் மாத்துவான், ரெண்டு கார்புரேட்டர் போடுவான். எல்லாம் வேகத்துக்கு. அதுல மிச்சமா வர்றதுதான் சத்தம். உங்களுக்கு பிரியாணி வேணாம், வாசனை மட்டும் போதும்ங்கறீங்க."

உண்மைதான். வேகத்துக்கு நிறையப் பணம் வேண்டும். சத்தத்துக்கு ஒரு ஹேக்ஸா பிளேடு போதும்.

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. இன்ஜினுக்குள் ஒவ்வொரு தடவை பெட்ரோல் எரிந்து முடிந்ததும் வால்வு திறக்கும்போது, அழுத்தத்தில் இருந்த புகை ஒரு அடியாக வெளியே பாயும். அந்த அடிதான் சத்தம். புல்லட்டில் ஒரே சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு அடி. மெதுவாக ஓடும்போது விநாடிக்கு ஏழெட்டு அடிதான். காதால் தனித்தனியாகக் கேட்க முடிகிறது. அதனால்தான் அந்த டுபு டுபு. பியட்டில் நாலு சிலிண்டர், ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 100 அடி. அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே சுருதியாகிவிடும். சைலன்சருக்குள் ஓட்டை போட்ட குழாய்களும் அறைகளும் இருக்கின்றன. சத்தத்தின் அலைகள் அங்கே சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வருகிற அலைகளோடு முட்டி அடங்கிவிடும். அதை எடுத்துவிட்டால் 100 அடியும் அப்படியே தெருவுக்கு வரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் வேறொரு பட்டறையைப் பிடித்தோம். அரை மணி நேர வேலை. சைலன்சரை அறுத்து எடுத்து, ஒரு முழ நீளத்துக்கு வெறும் குழாயைப் பற்ற வைத்தார்கள். குழாய் வண்டியின் பின் முனை வரைக்கும் வரவில்லை. பின் சீட்டுக்கு அடியிலேயே முடிந்துவிட்டது. அதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

முதல் நாள் ஓட்டியபோது கிடைத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மூலக்கடை தாண்டி காலை அழுத்தியபோது மயிர்க்கூச்செறிந்தது. வேகம் துளிகூடக் கூடவில்லை. ஆனால் கூடினது போலவே இருந்தது.

ஒரு வாரத்தில் அம்மா கூப்பிட்டாள். "எதிர்வீட்டு மாமி கோயில்ல பார்த்தா. பேத்தி ராத்திரி அலறிண்டு எழுந்துக்கறதாம். எந்த வண்டின்னு அவ சொல்லல. என்னைத் தெரிஞ்சவங்கறதால சொல்லல." அவ்வளவுதான். திட்டவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்தால் தெருமுனையிலேயே இன்ஜினை நிறுத்திவிடுவோம். மூன்று பேரும் இறங்கி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவோம். சத்தத்துக்காக அறுத்த வண்டியை, சத்தம் வரக்கூடாது என்று தள்ளிக்கொண்டு போன புத்திசாலிகள் நாங்கள். தெரு நாய்கள்கூட எழுந்து நின்று பார்க்கும்.

அந்த டிசம்பரில் மகாபலிபுரம் போனோம். திரும்பும்போது நல்ல மழை. கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டுத் திருப்போரூர் வழியாக வந்துகொண்டிருந்தோம். எனக்குத் தலைவலி. ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கும் தலைவலி. சாயங்காலம் சாப்பிட்ட பஜ்ஜியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் படுத்திருந்தவன் தூங்கிவிட்டான் என்று நினைத்தோம். கேளம்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தி அவனை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. உலுக்கினேன். தலை துவண்டு விழுந்தது.

இரண்டு பேருமாக அவனை இழுத்து மழையிலேயே கிடத்தினோம். டீக்கடைக்காரர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் அடித்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. ஐந்து நிமிஷம் இருக்கலாம், எனக்கு அது ஒரு மணி நேரம். முனகினான், வாந்தி எடுத்தான், "எங்கடா இருக்கோம்?" என்று கேட்டான். மிச்ச தூரத்தை நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே வந்தோம்.

மறுநாள் பாயிடம் போய்ச் சொன்னதும் அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. பின் சீட்டுக்குக் கீழே தரைத் தகட்டில் துரு பிடித்து விரல் நுழைகிற ஓட்டை. குழாயின் வாய் அதற்கு நேர் கீழே. மழைக்காகக் கண்ணாடியை ஏற்றியதும் புகை முழுக்க உள்ளே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று பின்னாளில் படித்தேன். பாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "டீ குடிக்க நிறுத்தலேன்னா மூணு பேரையும் போர்வையில சுத்திக் குடுத்திருப்பாங்க தம்பி" என்றார். அன்றைக்கே புது சைலன்சர் போட்டு, ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. அவர் வாங்காததுதான் உறைத்தது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு அவன் கேட்டதும் நியாயமாகத்தான் இருந்தது.

"தாத்தா, இப்ப குழாய் எல்லாம் பின்னாடி வரைக்கும் ஒழுங்கா வரும். அது இல்ல விஷயம். டர்போவே பாதி சத்தத்தைச் சாப்பிட்டுடுது. கம்பெனிக்காரனே ஸ்பீக்கர் வழியா இன்ஜின் சத்தம் போடறான். பொய்ச் சத்தம். நான் கேக்கறது நிஜச் சத்தம்."

அது உண்மைதான். 2011-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரிலேயே இன்ஜின் சத்தத்தை உள்ளே ஸ்பீக்கரிலும் கேட்க வைத்தார்கள். காரை வாங்கிவிட்டு ரெக்கார்டு கேட்பது போலத்தான். அவன் வருத்தம் எனக்குப் புரிந்தது.

"நிஜச் சத்தம் வேணும்னா தப்பில்லடா. யாருக்குக் கேக்கணும்னுதான் கேள்வி" என்றேன். கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்தால் விஷப் புகை அப்படியே தெருவுக்குப் போகும். எங்களுக்குப் பின் சீட்டில் நடந்தது, கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களுக்கு நடக்கும். சட்டமும் இருக்கிறது. சத்தம், புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில், மூன்று மாதம் லைசென்சும் கிடையாது. அவன் தலையாட்டினான். இந்த வயதில் ஜெயிலுக்கு யார் பயப்படுகிறார்கள்?

பிறகுதான் பாயின் கடைசிக் காலத்தைச் சொன்னேன். 1990-களில் ஒரு தடவை வேறொரு வண்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. மூடிய ஷெட்டுக்குள், திறந்த குழாயோடு எத்தனை ரேஸ் வண்டிகளுக்கு டியூனிங் பார்த்தவர்! 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காது தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பாய் அதில் முப்பது வருஷம் இருந்தவர். ஸ்க்ரூ டிரைவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, வால்வு மூடி மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். "மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கல" என்றார். சரியாகத்தான் சொன்னார். அவர் காதுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

இதற்கு மட்டும் பேரன் பதில் சொல்லவில்லை. என் காதில் இருக்கிற ஹியரிங் எய்டைப் பார்த்தான். என்னுடையது வயசுக் கோளாறு என்றுதான் டாக்டர் சொன்னார். சோழவரத்துக்கும் அதில் பங்கு உண்டா என்று நான் கேட்டுக்கொள்வது உண்டு.

போன வாரம் மறுபடி வந்தான். கன்வர்ட்டரைத் தொடவில்லையாம். சரவெடியும் வேண்டாம் என்று விட்டுவிட்டானாம். மஃப்ளரை மட்டும் என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்ட முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். "அங்க எவ்வளவு கத்தினாலும் எந்தக் குழந்தையும் எழுந்துக்காது இல்ல தாத்தா?" என்றான். சோழவரத்துக்குப் பிறகு 1990-லிருந்து ரேஸ் எல்லாம் அங்கேதான். போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். காதில் வைக்கப் பஞ்சு எடுத்து வைத்திருக்கிறேன், அவனுக்கும் சேர்த்து.

கிளம்பும்போது காரை ஸ்டார்ட் செய்தான். எனக்கு லேசாகத்தான் கேட்டது. "சத்தம் எப்படி இருக்கு தாத்தா?" என்று கேட்டான். நான் பானெட் மேல் கை வைத்தேன். நாலு சிலிண்டரும் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தன.

"நல்லா இருக்குடா" என்றேன்.