மலாவித் தண்ணீர்

ஜூன் 4
பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் வீட்டில். குரல் நாணிலிருந்த முடிச்சை எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் ஒரு சொல் கூடாது. கிசுகிசுப்பும் கூடாது, அதுவும் நாணை வருத்தும் என்கிறார் டாக்டர். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். சிலேட்டில் எழுதுவதையெல்லாம் உடனே அழிக்க வேண்டியிருக்கிறது. அழியாமல் எழுத இந்த நோட்டு.

ஜூன் 7
பரணிலிருந்து நாலடித் தொட்டியை இறக்கச் சொன்னேன். பையன் சின்னவனாக இருந்தபோது அதில் கோல்டு ஃபிஷ் இருந்தது. வீடு மாறியதோடு சரி. "இப்ப எதுக்கும்மா இது?" என்றார் என் கணவர். சிலேட்டை எடுக்கவில்லை.

ஜூன் 8
தண்ணீர் நிரப்பி வைத்தோம். ஒழுகவில்லை.

ஜூன் 15
கொளத்தூர், மீன் கடைகள். சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: மலாவி சிக்லிட், எல்லோ லேப். கடைக்காரர் படித்துவிட்டு, வாயைப் பெரிதாகத் திறந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். காது கேட்கும் என்று எழுதிக் காட்டினேன். "சாரிக்கா" என்றவர், என்ன நினைத்தாரோ, என் பேனாவை வாங்கி அதே சீட்டில் பதில் எழுத ஆரம்பித்தார். சத்தமான கடை அது. காற்று மோட்டார்கள், பேரம், பிள்ளைகள். நடுவில் நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டிருந்தோம்.

'போர் தண்ணியா, மெட்ரோவா?' போர், குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் என்று எழுதினேன். 'அதான் வேணும்' என்று அடிக்கோடிட்டார். மலாவி ஏரித் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, பிஎச் 8-ஐ ஒட்டி. இத்தனை வருஷம் நாங்கள் குறை சொன்ன தண்ணீர் அந்த மீன்களுக்கு ஒத்துவருகிறது.

மீன் தர மாட்டேன் என்றுவிட்டார். புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்திருக்காது. காரத் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடும். ஓடுகிற தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தார். 'இது ஓடட்டும். டெஸ்ட் கிட்ல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் சைபர் காட்டினா வாங்க.' காசு வாங்கவில்லை. பள்ளியிலிருந்து வந்த போன்களில் ஒருவர்கூட என்னோடு இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

ஜூன் 17
கருங்கற்கள். முதலில் கல், பிறகு மணல். வரப்போகிறவை பள்ளம் பறிக்கும் மீன்கள். மணல்மேல் கல்லை வைத்தால் சரிந்து கண்ணாடி உடையும். பாதிக் கற்களைக் கணவர் தூக்கினார், ஒன்றும் கேட்காமல்.

ஜூன் 20
பேசிப் பார்க்கச் சொன்னார்கள். வந்தது காற்று.

ஜூலை 2
பகலெல்லாம் அந்த ஏரியைப் பற்றிப் படிக்கிறேன். மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்றுக்கும் நடுவே. ஆழம் 700 மீட்டர். பல நூறு வகை சிக்லிட்கள், பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 1950களில் ஜெஃப்ரி ஃப்ரையர் என்பவர் என்காட்டா பே கரையோரம் பாறை மீன்களைப் படித்திருக்கிறார். எல்லோ லேப் என்று நாம் வாங்கும் இனத்தை 1956-இல் விவரித்தவரும் அவர்தான்.

சிக்லிட்டுக்குத் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை உண்டு. இரையை அரைப்பது அங்கே. அதனால் முன்வாய்க்கு வேறு வேலைகள் கிடைத்துவிட்டன: பாசி சுரண்ட, மணல் அள்ள, குஞ்சு சுமக்க. பெண்ணைக் கூப்பிடும்போது ஆண் மீன் ஓசை எழுப்புவதை நீருக்கடியில் மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு தரம் படித்தேன்.

ஜூலை 9
மீன்கள் வந்தன. மூன்றங்குலம் இருக்கும். எலுமிச்சை மஞ்சள், முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று பார்த்துப் பிடித்துக் கொடுத்தார். ஸ்பைருலினா மட்டும் போடுங்கள், புழு வேண்டாம், வயிறு ஊதிவிடும் என்றார். "சரி" என்றேன். என் குரலை இன்றுதான் கேட்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. நன்றி.

ஜூலை 13
தண்ணீர் 31 டிகிரி. மேலே மூடியைத் திறந்து டேபிள் ஃபேனை வைத்தோம். இரண்டு டிகிரி இறங்கியது.

மாலையில் பள்ளித் தோழி வந்தாள். புதியவர் நன்றாக நடத்துகிறாராம், "உன் கிளாஸ் அவ்ளோ அமைதி" என்றாள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறாள். ஐம்பது பிள்ளைகளுக்கும் கடைசி பெஞ்சுக்கும் சேர்த்துக் கத்தித்தானே இந்த முடிச்சு. அவள் போன பிறகும் காபி டம்ளர்களைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 28
ஒன்று செத்துவிட்டது. பெரிய ஆண் துரத்தித் துரத்தியே. கற்களைக் கலைத்து அடுக்கினேன், அதன் எல்லை அழியட்டும் என்று.

ஆகஸ்ட் 6
ஒரு பெண் மீன் சாப்பிட வரவில்லை. தாடைக்குக் கீழே பை போலப் புடைத்திருக்கிறது. முட்டை! மூன்று வாரம் வாய்க்குள் வைத்திருக்குமாம், அநேகமாக எதுவும் தின்னாமல். அவ்வப்போது உள்ளே புரட்டிக் கொடுக்கிறது. மென்று கொண்டிருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள்.

ஆகஸ்ட் 18
அது மெலிந்துகொண்டே போகிறது. வயிறு உள்வாங்கிவிட்டது. கடைக்காரருக்கு போன் போட்டோம். "புடிச்சு மெதுவா வாயத் தொறந்து குஞ்ச எடுத்துடுங்கக்கா. இல்லன்னா வெளிய விட்டதும் மத்ததுங்க தின்னுடும்." நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கணவர் உடனே வலையை எடுத்துவிட்டார்.

"வேணாம், அதுவா விடட்டும்" என்றேன். சமையலறை வரை கேட்டிருக்கும். ராத்திரி முழுக்கத் தொண்டை எரிச்சல்.

ஆகஸ்ட் 19
பேசவில்லை. தேன், வெந்நீர்.

ஆகஸ்ட் 24
குரல் பயிற்சி தருபவர் செப்டம்பரில் போகலாம் என்கிறார், மைக் இருந்தால், பாதி வகுப்புகள் மட்டும் என்றால். பள்ளியில் பாதி என்று ஒரு ஏற்பாடு கிடையாதாம். கடிதம் இரண்டு பத்தியோடு நிற்கிறது. மைக் கேட்டு எழுதிவிட்டேன்; எட்டாம் வகுப்பைத் திருப்பிக் கேட்பதா, நூலகப் பொறுப்பைக் கேட்பதா என்ற இடத்தில் பேனா ஓடவில்லை.

மீன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்கென்று ஒன்றரை அடித் தொட்டி ஒன்று கொளத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன். நாளை காலை கணவர் போய் எடுத்து வருகிறார்.