அம்மாவும் போன ஆமை நடை!

"ராத்திரி பீச்சுல ஆமை நடை இருக்கும்மா, போகட்டுமா?" என்று கல்லூரி மாணவியான மகள் கேட்டபோது, அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, "சரி, நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அது 2025 ஜனவரி.

சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் காலம் அது. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் ஆண்டுதோறும் இந்த இரவுகளில் நடக்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர்.

அம்மா முதலில் பார்த்தது இறந்த ஆமையைத்தான். அந்த மாதம் அப்படி நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கின. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, டேப்பால் ஓட்டை அளந்து நோட்டில் எழுதினாள்.

"செத்ததை எழுதி என்னடி ஆகப்போகுது?"

"எழுதலேன்னா, இத்தனை செத்துச்சுன்னே யாருக்கும் தெரியாதும்மா."

கடலில் வாழ்ந்தாலும், மூச்சு விட ஆமை மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். என்றைக்கு, எங்கே, எத்தனை என்ற கணக்கு கையில் இருந்தால்தான், கரையோரம் வலை இழுப்பது பற்றிக் கேள்வி கேட்க முடியும். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த இரண்டு ஆமைகளுக்கு டேப்பின் மறுமுனையை அவரே பிடித்தார்.

விடியப்போகும் நேரத்தில், டிராக்டர் போன மாதிரி மணலில் ஒரு தடம். தோண்டினால், பிங்பாங் பந்துபோல முட்டைகள். ஒவ்வொன்றாக எண்ணியவர் அம்மாதான். 118!

முட்டைகளைப் பொறிப்பகத்தில் புதைத்தார்கள். மேலே நிழலுக்குத் துணிப்பந்தல். "மணல் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணான்னு முடிவு பண்ணும். சூடு கூடினா எல்லாம் பொண்ணாயிடும். ரொம்பக் கூடினா எதுவுமே பொறிக்காது" என்றாள் மகள். வருடா வருடம் வெயில் ஏறுவதை நினைத்து, அம்மா அந்தப் பந்தலை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார்.

மறுநாள் சமையலறை காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், 45 நாள் தள்ளி ஒரு வட்டம், அதற்குள் 118. முந்தின நாள் தேதியிலும் அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இறந்தது 3.'