நான் ஏரியில் விட்ட மீன்

பத்து வருஷத்துக்கு முன்னால் கொளத்தூர் வண்ணமீன் கடையில் ஒரு டேங்க் கிளீனர் வாங்கினேன். விரல் நீளம்தான். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும், நமக்கு வேலை மிச்சம் என்றார்கள். கொஞ்ச நாளில் முழ நீளம் வளர்ந்து தொட்டியை இடிக்க ஆரம்பித்தது. கொல்ல மனசில்லை. பக்கெட்டில் எடுத்துப்போய் அம்பத்தூர் ஏரியில் விட்டுவிட்டு, ஏதோ புண்ணியம் செய்தவன் மாதிரி வீடு திரும்பினேன்.

போன வாரம் அதே ஏரிக்கரையில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். "என்னண்ணே மாட்டுச்சு?" என்றேன். கறுப்பாக, உடம்பெல்லாம் கவசம் போட்டதுபோல் நாலைந்து கிடந்தன.

"இந்தச் சனியன்தான்பா. முள்ளு பட்டு வலையே கிழிஞ்சி பூடுது. வாங்கவும் ஆளில்ல. முன்னல்லாம் கெண்டை, விரால், கெளுத்தின்னு கூடை ரொம்பும்."

தென் அமெரிக்க மீன் இந்த டேங்க் கிளீனர். பாசியோடு மற்ற மீன்களின் முட்டையையும் விழுங்கும். கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்து இரைப்பையால் சுவாசிக்கும். பக்கத்துக் கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். கெண்டை மூச்சுத் திணறிச் சாகிற அந்தத் தண்ணீரில் இது சொகுசாக இருக்கும். சாக்கடையை விட்டதும் நாம்தான், அதில் பிழைக்கத் தெரிந்த மீனை விட்டதும் நாம்தான்.

இது ஏரிக்கு வந்ததற்கு 2015 டிசம்பர் வெள்ளத்தைக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம்தான்.

"எந்தப் புண்ணியவான் கொண்டாந்து உட்டானோ" என்றார் அவர். நான் பைக் சாவியைத் தேடுவதுபோல் பாக்கெட்டைத் துழாவினேன்.