பார்த்தவள் சொல்ல வேண்டும்

என் அக்கா மகள் விமானப் பணிப்பெண் பயிற்சிக்காகப் பெங்களூரு போனபோது, ஆம்பூரில் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "காபி குடுக்கிற வேலைக்கு எதுக்கும்மா இவ்ளோ படிப்பு?"

அவள் படித்த ஒரு விபத்தை எனக்குப் போனில் சொன்னாள். 1989 ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன போயிங் 737 விமானத்தில் இடது எஞ்சினின் விசிறித் தகடு உடைந்தது. விமானிகள் தவறுதலாக வலது எஞ்சினை நிறுத்தினார்கள். வலது எஞ்சினில் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடப்பக்கம் தீயைப் பார்த்திருந்த பயணிகள் குழம்பினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் விமானம் மோதி 47 பேர் இறந்தார்கள்.

இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று பழுதானாலும் மற்றொன்றை வைத்துப் பறந்து இறங்கிவிடும். முதலாளிகள் போகும் சின்ன பிசினஸ் ஜெட்டுக்கும் இதே கணக்குதான். ஓடுகிற எஞ்சின் ஒரு பக்கமே தள்ளுவதால் விமானத்தின் மூக்கு திரும்பும். அந்த எஞ்சின் பக்கத்து மிதியை அழுத்தி முதலில் அதை நேராக்க வேண்டும். எதையும் அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. எந்த எஞ்சின் என்று ஒரு விமானி சொல்லி, மற்றவர் பார்த்து ‘சரி’ என்ற பிறகுதான் அணைப்பார்கள்.

2022 ஜூன் 19 அன்று பாட்னாவில் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் இடது எஞ்சினில் பறவை மோதியது. தீப்பொறியைப் பார்த்த பணிக்குழுவினர் உடனே கேப்டனுக்குச் சொன்னார்கள். கேப்டன் மோனிகா கன்னாவும் துணை விமானி பல்பிரீத் சிங் பாட்டியாவும் அந்த எஞ்சினை நிறுத்தி, ஒற்றை எஞ்சினில் பாட்னாவிலேயே இறக்கினார்கள். 185 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள்.

மோனிகாவின் துணிச்சலை நாடே புகழ்ந்தது. புகழத்தான் வேண்டும். ஆனால் பின்னாலிருந்து வந்த பேச்சை முன்னாலிருந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டார்களே, அதுதான் என் மனதில் நின்றது.

நான் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். எங்கள் லைனில் பெரும்பாலும் பெண்கள், சூப்பர்வைசர் ஆண். ஒட்டும் சொல்யூஷன் நெடியில் மண்டை சுற்றுகிறது என்று ஒருத்தி சொன்னாள். "வீட்ல சாப்பிட்டு வாம்மா" என்றார் அவர். மறுவாரம் அவள் மேசையிலேயே மயங்கிச் சாய்ந்தாள். நெடி எல்லோர் மூக்கிலும்தான் ஏறியது. சொன்னவள் அவள் ஒருத்தி.

அதற்குப் பிறகு நாங்கள் தனியாகப் போய்ச் சொல்வதில்லை. ஒருத்தி சொல்வாள், இன்னொருத்தி பக்கத்தில் நின்று, "ஆமா சார், நானும் பார்த்தேன்" என்பாள். ஒருத்தி சொன்னால் புலம்பல் என்று தள்ளிவிடுகிறவர், இரண்டு பேர் நின்றால் எழுந்து வந்து பார்க்கிறார். சொல்யூஷன் மேசைக்கு மேலே இப்போது புகைபோக்கி விசிறி ஓடுகிறது.