ராத்திரி ரெண்டு மணிக் கையேடு

ராத்திரி ரெண்டு மணி. விடிந்தால் முதல் தேதி. ஆபீஸில் சம்பளம் போடும் சர்வர் படுத்துவிட்டது. எதிரே கறுப்புத் திரை. மவுஸ் கிடையாது, படம் கிடையாது, வெறும் எழுத்து.

'படுத்தால் எழுப்புவது எப்படி?' என்று விலாவாரியாகக் கையேடு எழுதி, அதே சர்வரில் வைத்த புண்ணியவான் அடியேன்தான். கலர் கலராய்ப் படம் போட்டு, பி.டி.எஃப்.பில்! 'லெஸ்' கட்டளை கொடுத்தேன். 'இது பைனரி மாதிரி இருக்கே, பார்த்தே ஆகணுமா?' என்று கேட்டது. ஆகணும் என்றேன். திரை முழுக்கப் பூச்சி பூச்சியாய் எழுத்து!

சீனியரைப் போனில் எழுப்பினேன். மனப்பாடமாய்ச் சொன்னார், அஞ்சு மணிக்கு சர்வர் எழுந்தது. "ஏம்ப்பா, 1971-லயே யூனிக்ஸுக்குக் கையேடு போட்டுட்டாங்க. இன்னிக்கும் 'மேன்'னு அடிச்சா கறுப்புத் திரையிலயே வருது. உனக்கு எதுக்குப்பா கலரு?"

அன்றைக்கே உட்கார்ந்தேன். 'மேன்' பக்கம் அழகுதான். ஆனால் எழுத ட்ராஃப் குறியீடு பழகணும், ஜூனியர் பையன் திருத்த மாட்டான். ஹெச்.டி.எம்.எல்.லுக்கு பிரவுசர் வேணும். கடைசியில் 2004-ல் வந்த மார்க்டவுன்தான். குறியீட்டோடு அப்படியே படித்தாலும் புரியும். வரிக்கு 80 எழுத்து தாண்டாமல் எழுதி முடித்தேன்.

சம்பளம் எல்லோருக்கும் வந்தது. எனக்கும்தான். ஒரு பிரதியை மட்டும் அச்சடித்து டிராயரில் வைத்திருக்கிறேன். சர்வரே எழுந்திரிக்கலேன்னா?