வாலுள்ள பட்டம், வாலில்லாப் பட்டம்

ஓசூர் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். எல்லையையொட்டி, பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளும், அவற்றில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆடி ஞாயிறு ஒன்றில் அங்கே ஒரு காலி மனையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பட்டம் கட்டினேன். எங்களுக்கு வாத்தியார் லேத் ஓட்டுகிறவர், பிள்ளைகளுக்கு மாமா.

கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது ஓசூர். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று துணிக்கொடியை நிம்மதியாக விடாது. பெங்களூருக்கு அந்தப் பக்கம் தொட்டபள்ளாபுரத்தில் இந்தப் பருவத்தில் பட்டத் திருவிழாவே நடக்கிறது.

பட்டறையில் இரும்புச் சாமான் துருப்பிடிக்காமல் சுற்றிவைக்கும் எண்ணெய்த் தாளைப் பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருந்தார்கள். மாமா தள்ளிவிட்டார். “இதுல சோத்துப்பசை ஒட்டாதுடா. கனமும் ஜாஸ்தி.” கடைசியில் பழைய தினசரித் தாள்தான். சதுரமாக வெட்டி, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு ஒன்றை நெடுக்கே ஒட்டினோம். இன்னொன்றை வில்லாக வளைக்கும் முன் நடுவில் ஆள்காட்டி விரலைக் கொடுத்துத் தூக்கினார். ஒரு பக்கம் சாய்ந்தது. பிளேடால் அந்தப் பக்கத்தைச் சீவினார்; மறுபடி தூக்கினார்; மறுபடி சீவினார். “பட்டறையில வெர்னியர் வெச்சுப் பாக்குறேன். இதுக்கு விரல் போதும்.”

தாளும் ஈர்க்கும் யாருக்கும் வந்துவிடும். சூத்திரம் கட்டுவதுதான் வித்தை. குச்சிகள் குறுக்கிடும் இடத்தில் ஒரு முடிச்சு, அடிப்பகுதியில் ஒன்று. அந்த இரண்டு கால்களும் சேரும் இடத்தில் நூல். சேரும் இடம் கீழே இறங்கிவிட்டால் பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும், ஏறாது. அதிகம் மேலே போனால் தாள் படபடவென்று அடித்துக்கொண்டு தலைகுப்புற விழும். காற்று பலத்தால் முடிச்சைக் கொஞ்சம் மேலே நகர்த்த வேண்டும். எவ்வளவு என்று மாமா சொல்லவில்லை. தெலுங்கு வீட்டுப் பெண் ஒருத்தி அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிப் பார்த்து, அவளாகவே அந்த இடத்தைப் பிடித்தாள்.

மேலே போனது சுற்ற ஆரம்பித்தது. “பாலங்கோச்சி சாலது!” என்று கன்னடப் பையன் கத்தினான்; வால் போதவில்லையாம். கிழிந்த சேலை ஒன்றிலிருந்து இன்னொரு முழம் கிழித்து வாலில் சேர்த்தோம். பட்டம் அடங்கி நின்றது.

அடுத்த வீட்டு ஒடியாக்காரர், கட்டாக் பக்கத்தவர், வாலைப் பார்த்துச் சிரித்தார். அவர் ஊரில் பட்டம் தை மாதச் சங்கராந்திக்கு, வால் கிடையாது. நூலைத் தளர்த்தினால் சுழலும், சுண்டினால் மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பாயும்; சண்டைக்கென்றே செய்த பட்டம். எங்கள் தினசரித் தாளில் அவர் கட்டியது எழும்பவில்லை. அதற்கு மெல்லிய தாளும் மூங்கில் சிம்பும் வேண்டும். கைத்திறனில் அவருடையதுதான் உசத்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குழந்தையின் முதல் பட்டத்துக்கு வால் இருப்பதே நல்லது. கோணலாக ஒட்டியதையும் வால் பறக்கவைத்துவிடுகிறது.

சண்டை என்றதும் பெரிய பையன்கள் மாஞ்சா கேட்டார்கள். மாமா முகம் மாறியது. ஷிப்ட் விடும் நேரத்தில் இந்தச் சாலைகளில் முழுக்க இருசக்கர வண்டிகள். கழுத்துயரத்தில் குறுக்கே ஒரு நைலான் நூல் கிடந்தால் போதும். நைலான், செயற்கை மாஞ்சாவை நாடு முழுக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையிலேயே தடைசெய்துவிட்டது. பையன்களுக்கு அது தெரிந்தே இருந்தது.

இன்னொரு சட்டமும் இருந்தது. 2024 இறுதிவரை நடப்பிலிருந்த 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தில் ‘விமானம்’ என்பதற்கான விளக்கத்தில் பட்டமும் அடங்கியிருந்தது. ஓசூர் பக்கத்துப் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுபாதை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் இதைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆடிக்காற்று ஓய்வதற்குள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஒன்று கட்டிப் பாருங்கள். தையல் கடைப் பருத்தி நூலே போதும். சாலையும் மின்கம்பியும் இல்லாத இடமாகப் பாருங்கள். கம்பியில் சிக்கியதை எடுக்கக் கொம்பு தேடாதீர்கள். அடுத்ததற்கு ஒரு தினசரித் தாளும் இரண்டு ஈர்க்கும்தான் செலவு.