ஆறு பேருக்கு ஒரு படகு

கல்யாணத்துக்குச் சத்திரம் பார்க்கப் போகிறவருக்கும், தொழிலுக்குப் படகு வாங்கப் போகிறவருக்கும் ஆசை ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை!" சத்திர விஷயத்தில் கணக்குத் தப்பினால் நஷ்டம் பணத்தோடு போய்விடும். படகு விஷயம் அப்படியல்ல.

எனக்குச் சொந்தமாக ஒரு கட்டுமரங்கூடக் கிடையாது. ஆயினும் அமெரிக்கக் கடற்கரையில் நடக்கும் ஒரு விசித்திரமான வியாபாரத்தைப் பற்றிப் படிப்பதில் எனக்குத் தனி ருசி உண்டு. அங்கே சில படகுக்காரர்கள் மீனை விற்பதில்லை. மீன் பிடிக்கும் ஆசைக்குப் படகை வாடகைக்கு விடுகிறார்கள். பட்டணத்துக் கனவான்கள் பணம் கொடுத்துப் படகேறி, ஒரு நாள் முழுதும் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். மீன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் படகுக்காரருக்குக் கூலி உண்டு. இதற்குச் 'சார்ட்டர்' தொழில் என்று பெயர். இதில் இறங்குகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, படகு எத்தனை அடி நீளம் என்பதுதான்.

பாதி விடையைச் சட்டமே சொல்லிவிடுகிறது. அந்நாட்டு விதிப்படி, சர்க்காரின் பரிசோதனைச் சான்று இல்லாத படகில் கூலி கொடுக்கும் பிரயாணிகள் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. ஏழாவது ஆசாமி கால் வைக்க வேண்டுமானால், படகின் கட்டுமானம், ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிரும் திறன், உயிர்காப்புச் சாதனங்கள் ஆகிய யாவற்றையும் அதிகாரிகள் சோதித்துப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். சான்றில்லாத படகு இருபத்தைந்து அடியானாலும் நாற்பது அடியானாலும் வருமானம் ஆறு பேரிடமிருந்துதான்!

செலவோ அப்படி நிற்பதில்லை. முப்பது அடிப் படகை விட்டு, அதே சாயலில் நாற்பது அடிப் படகு வாங்கினால் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் நீளத்தோடு அகலமும் ஆழமும் அதே விகிதத்தில் வளர்வதால், படகின் பருமன் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதைத் தள்ளப் பெரிய இயந்திரமும், அந்த இயந்திரத்துக்கு அதிக எண்ணெயும் வேண்டும். துறையில் கட்டி வைப்பதற்கும் பெரும்பாலும் அடிக் கணக்கில்தான் வாடகை.

அப்படியானால் சின்னப் படகே உத்தமம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. காற்றுக் கொஞ்சம் பலத்தால் சின்னப் படகு துறையை விட்டு அசையாது. அன்றைய கூலி போயிற்று. துணிந்து புறப்பட்டாலோ, பிரயாணிகள் மீனை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஆகவே கடலைத் தீர்மானித்த பிறகே படகைத் தீர்மானிக்க வேண்டும். உப்பங்கழியிலும் கரையோரத்திலும் தூண்டில் போடுகிறவர்களுக்குச் சிறிய படகு போதும். கரை கண்ணுக்கு மறையும் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு, அலையைத் தாங்கும் நீளமும், திரும்பி வர மிச்சம் வைத்த எண்ணெயும் வேண்டும். முகத்துவாரத்தில் மணல் திட்டு இருந்தால், அதைத் தட்டாமல் கடக்கக்கூடிய அடிப்பாகமும் வேண்டும்.

பிரசித்தி பெற்ற எழுத்தாளர் ஹெமிங்வே 1934-ல் புரூக்ளினில் கட்டுவித்த 'பிலார்' என்ற படகு முப்பத்தெட்டு அடி நீளம். அதன் படத்தைப் பார்த்து மயங்கி, அதைப் போல் ஒன்று வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கக்கூடும். ஆனால் ஹெமிங்வேக்குப் படகு ஜீவனோபாயம் அல்ல. புத்தகம் படகைக் காப்பாற்றிற்று. சார்ட்டர்காரருக்கோ படகுதான் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். இந்தக் கவலைதான் இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளச் சொல்லித் தூண்டுகிறது.

அதன் முடிவு எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு துக்ககரமான சரித்திரம் உண்டு. 1951-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி, நியூயார்க் ராஜ்யத்தின் மான்டாக் துறையிலிருந்து 'பெலிகன்' என்ற நாற்பத்திரண்டு அடிப் படகு புறப்பட்டது. விடுமுறை நாள், துறையில் தூண்டில் பிரியர்களின் கூட்டம். வந்தவர்களை மறுக்காமல் ஏற்றியதில், படகில் இருந்தவர்கள் அறுபத்து நான்கு பேர்! கடலில் காற்று மாறிற்று. இயந்திரமும் கோளாறு செய்தது. திரும்பும் வழியில் படகு கவிழ்ந்து நாற்பத்தைந்து பேர் மாண்டார்கள். மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் சொன்னதை நம் நேயர்கள் அறிவார்கள். இங்கே ஏற்றியவை மனித உயிர்கள்.

ஆறு பேருக்கு மேல் கூலிக்கு ஏற்றும் சிறு படகுகளுக்கும் பரிசோதனை வேண்டும் என்ற சட்டம் 1956-ல் பிறந்தது, இத்தகைய விபத்துகளுக்குப் பின்னர்தான். அதன் பிறகும் கணக்குத் திருந்திக்கொண்டே வந்திருக்கிறது. பிரயாணிப் படகுகளின் பாரத்தைக் கணக்கிட, ஓர் ஆளின் சராசரி எடை 160 ராத்தல் என்று வைத்திருந்ததை 2011-ல் 185 ராத்தலாக உயர்த்தினார்கள். மனிதர் பருத்துவிட்டார், படகு பருக்கவில்லை!

எனவே, எந்த அளவுப் படகு சரியானது என்று என்னைக் கேட்டால், அடிக்கோலை எடுக்கமாட்டேன். ஆறு பேர் கொடுக்கும் கூலியிலேயே கடனும் எண்ணெயும் வீட்டுச் செலவும் கட்டுமானால், அது சரியான படகு. ஏழாவது ஆசாமி வந்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் உள்ள படகு, எத்தனை அடி நீளமானாலும் ஆபத்தான படகுதான். அதன் சொந்தக்காரருக்கு "இடமில்லை" என்று சொல்ல வாய் வராது.

கரையில் நின்றுவிட்ட ஏழாவது மனிதர் கோபித்துக்கொள்வார்; கோபித்துக்கொள்ள உயிரோடு இருப்பார். கோபம் தணிந்ததும், அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து நிற்பார்.